‘ஆள்காட்டி’ என்றால் யார்? திட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்

“அவன் ஒரு ஆள்காட்டி, அவன் முன்னால எதுவும் பேசாதே!” சுங்கை ரம்பாயில் இருந்தாலும் சரி, கிள்ளானில் இருந்தாலும் சரி, அர்த்தம் ஒன்றுதான்: நம்மைப் பற்றி மேலிடத்தில் சொல்லிவிடுகிறவன்.

எங்கிருந்து வந்த சொல்?

ஆளைக் காட்டுவது ஆள்காட்டி. சுட்டுவிரலுக்கு ‘ஆள்காட்டி விரல்’ என்று பெயர். தரையில் முட்டையிடும் ஒரு பறவைக்கும் இதே பெயர்தான். யாராவது நெருங்கினால் கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். விரலுக்கும் பறவைக்கும் இது வெறும் பெயர். மனிதரைச் சொன்னால் வசை.

இதற்கு உறவான சொற்கள்

‘போட்டுக்கொடுத்துட்டான்’ என்பது பள்ளியிலும் வேலையிடத்திலும் புழங்கும் பேச்சு, கோபம் கொஞ்சம்தான். ‘காட்டிக்கொடுத்தான்’ என்றால் துரோகம்.

மலாய் நண்பர்கள் ‘தாலி பாருட்’ என்பார்கள். இந்தத் ‘தாலி’ வெறும் கயிறு. ‘பாருட்’ என்பது குழந்தையின் வயிற்றில் சுற்றும் துணி. அதைக் கட்டும் கயிற்றின் பெயர், பிறகு எதிரியின் கையாளுக்கும் பெயரானது.

இலங்கையில் போர்க்காலத்தில் ‘தலையாட்டி’ என்ற சொல் புழங்கியது. ராணுவச் சுற்றிவளைப்பில், முகத்தை மூடிய ஒருவர் முன்னால் ஊர் மக்களை வரிசையாக நடக்கவிடுவார்கள். அவர் தலையாட்டினால் கைது.

ஏன் இவ்வளவு வெறுப்பு?

நம் நாட்டிலும் அப்படி ஒரு காலம் இருந்தது. 1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரகாலம். தகவல் சொன்னவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. தகவல் சொன்னதாகச் சந்தேகப்பட்டவர்களைக் கம்யூனிஸ்டு கெரில்லாக்கள் கொன்றார்கள். தோட்டத்து மக்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். இந்தப் பெயர் ஒருவர்மேல் விழுந்தால் உயிரே போகலாம்.

அப்படியானால் லஞ்சத்தைப் புகார் செய்பவர்?

அவர் ஆள்காட்டி இல்லை. பணத்துக்காகவோ பதவிக்காகவோ சக தொழிலாளியைக் காட்டிக்கொடுப்பது வேறு. எல்லாரையும் பாதிக்கும் தவற்றைச் சொல்வது வேறு. பின்னவருக்காகவே தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறது. அது அவரது அடையாளத்தை ரகசியமாக வைக்கிறது, பழிவாங்கலிலிருந்து காக்கிறது.

ஒன்றை மறக்காதீர்கள்: போலீஸ், ஊழல் தடுப்பு ஆணையம் போன்ற அமலாக்க அமைப்பிடம் சொன்னால்தான் இந்தப் பாதுகாப்பு. முகநூலில் மட்டும் போட்டால் கிடைக்காது.

அடுத்த முறை ஒருவரை ஆள்காட்டி என்று சொல்ல வாய் வந்தால், ஒரு கேள்வி கேளுங்கள்: அவர் சொன்னதால் நஷ்டப்பட்டது யார், தப்பு செய்தவரா, பாவப்பட்டவரா?