பெருவிரலை நேராக்கிய வரலாறு

மனித உடலின் பாரம் முழுவதையும் தாங்கும் உறுப்பு பாதம். ஒவ்வோர் அடியிலும் அப்பாரத்தை முன்னோக்கி உந்துவதிற் பெரும்பங்கு கால் பெருவிரலுக்கு உரியது. அவ்விரல் தன் நேர்நிலை தவறி அடுத்த விரலை நோக்கிச் சாயுமாயின், அதன் அடிமூட்டு பாதத்தின் உட்புறத்தே புடைத்து எழுகின்றது. சப்பாத்து அதன்மீது உராய, தோல் தடித்துச் சிவந்து நோகின்றது. இப்பெருவிரற் புடைப்பு உயிரைப் பறிக்கும் நோயன்று. ஆயினும் இதனைச் சீர்செய்ய நூற்றுக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சை முறைகள் இதுவரை வகுக்கப்பட்டுள்ளன. ஒரு சிறு மூட்டுக்கு இத்தனை முறைகள் ஏன் தேவைப்பட்டன? அதற்கு விடை தருவது இந்நோயின் வரலாறே.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட 177 மனித எலும்புக்கூடுகளை ஆராய்ந்த அறிஞர்கள், 2021ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். பதினோராம் நூற்றாண்டு முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டுவரை வாழ்ந்தோருள் நூற்றுக்கு 6 பேரிடமே இக்குறை காணப்பட்டது. பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளில் அது நூற்றுக்கு 27 ஆக உயர்ந்தது. கூரிய முனையுடைய சப்பாத்துக்கள் நாகரிகமாகப் பரவிய காலம் அது. 1463இல் அம்முனையின் நீளத்தைக் கட்டுப்படுத்த அரசு சட்டமே இயற்ற நேர்ந்தது. இக்குறையுடைய முதியோரின் எலும்புகளில், விழுந்து முறிந்த அடையாளங்கள் ஏனையோரினும் மிகுதியாகக் காணப்பட்டன. சாய்ந்த விரல் நடையையும் தளரச் செய்தது போலும்.

சப்பாத்தின் தீமையை அறிஞர் அறியாமலில்லை. ஒல்லாந்த நாட்டு உடற்கூற்றறிஞர் பீட்டர் கேம்பர், சப்பாத்தின் சிறந்த வடிவம் பற்றி 1781இல் ஒரு நூலே எழுதினார். 1958இல் வெளிவந்த ஹொங்கொங் ஆய்வொன்று, சப்பாத்து அணிவோருள் நூற்றுக்கு 33 பேரிடமும், அணியாதோருள் ஏறக்குறைய 2 பேரிடமும் இக்குறை இருப்பதைக் காட்டியது. எனினும் வெறுங்காலரும் முற்றாகத் தப்பவில்லை. பரம்பரையும் பாதத்தின் இயல்பான அமைப்பும் இதற்குக் காரணமாகின்றன.

நெடுங்காலமாக வைத்தியர்கள் புடைப்பையே நோயென எண்ணினர். தோலும் அதன் கீழுள்ள பையும் வீங்கி வளர்ந்தன என்பது அவர்தம் கருத்து. 1871ஆம் ஆண்டளவில் ஜேர்மன் சத்திரவைத்தியர் கார்ல் ஹியூட்டர் இது மூட்டு கோணிய நிலையென விளக்கி, அதற்குப் பெயரும் சூட்டினார். விரல் வெளிப்புறம் சாய, அதனைத் தாங்கும் நீண்ட பாத என்பு உட்புறம் விலகுகின்றது. விலகிய என்பின் தலையே புடைப்பாகத் தோன்றுகின்றது. ஆகவே புடைப்பை மட்டும் செதுக்கி எறிந்தால், சாய்வு அப்படியே எஞ்சி நிற்கும்.

மயக்க மருந்து 1846இலும், கிருமியழிக்கும் முறை 1867இலும் சத்திரசிகிச்சைக்குத் துணையாக வந்தன. அவை இன்றி, நோவை மட்டும் தரும் ஒரு குறைக்காக என்பை அறுக்க எவரும் எளிதில் துணிந்திரார். 1881இல் ஜெனீவா நகரத்து ஜாக் ரெவர்தின், பாத என்பின் தலைக்குப் பின்னால் ஆப்பு வடிவில் ஒரு துண்டை நீக்கி, என்பையே நிமிர்த்தினார். 1894இல் இலண்டனில் கிளட்டன் என்பார், மூட்டின் இரு என்புகளையும் தந்த ஆணிகளால் இணைத்து ஒன்றாக்கினார். மூட்டு அசையாது, ஆனால் நோவும் இராது.

ஐக்கிய அமெரிக்க இராணுவ வைத்தியர் வில்லியம் கெல்லர் 1904இல் வேறொரு வழியைக் காட்டினார். பெருவிரலின் அடி என்பில் ஒரு பகுதியை அவர் அகற்றினார். செய்வதற்கு எளிய முறையாதலின் அது நெடுங்காலம் பரவியிருந்தது. ஆயினும் அதற்கு நோயாளி கொடுத்த விலை சிறிதன்று. விரல் குறுகி வலுவிழந்தது. அது சுமக்கவேண்டிய பாரம் அடுத்த விரல்களின் அடிப்பாகத்துக்குச் சென்று அங்கே புதிய நோவைத் தந்தது. அதிகம் நடவாத முதியோர்க்கே அது பொருந்துமெனப் பின்னர் தெளிவாயிற்று.

இவ்வனுபவத்தின் பின் மூட்டைக் காக்கும் முயற்சிகள் வலுத்தன. 1928இல் ஏள் மக்பிறைட், விரலைப் பக்கவாட்டில் இழுக்கும் தசைநாரை விடுவித்து இடம் மாற்றினார். 1934இல் நியூயோர்க்கின் போல் லப்பிடஸ், குறையின் வேர் பாதத்தின் நடுவிலுள்ள தளர்ந்த மூட்டிலே இருக்கின்றதெனக் கருதி, அதனை இணைத்து உறுதியாக்கினார். 1962இல் டேல் ஒஸ்ரின், என்பின் தலையருகே ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் அறுத்து, தலையை நகர்த்தும் முறையைத் தொடங்கினார். 1990களில் என்பை நீளவாக்கில் 'இசட்' வடிவில் அறுத்து, நகர்த்தித் திருகாணியால் பிணைக்கும் முறை பரவியது. அதன் பெயரான 'ஸ்காஃப்', மரவேலை செய்வோர் இரு மரங்களை முனையொட்டிப் பொருத்தும் மூட்டின் பெயராகும். சிறு துளைகளின் வழியாகவே என்பை அறுக்கும் முறைகளும் இன்று வழக்கில் உள்ளன.

எனவே முறைகள் பலவாயிருப்பது வைத்தியரின் தடுமாற்றம் மட்டுமன்று. பாதங்கள் பலவாயிருப்பதும் அதற்குக் காரணம். 1895இல் கண்டுபிடிக்கப்பட்ட எக்ஸ்-கதிரின் உதவியால் சாய்வின் கோணம் இன்று பாகையில் அளக்கப்படுகின்றது. சிறு சாய்வுக்கு என்பின் தலையருகே அறுப்பர். பெருஞ்சாய்வுக்கு அடிப்பாகத்திலோ, நடுப்பாத மூட்டிலோ கைவைப்பர். தேய்ந்து கெட்ட மூட்டை இணைத்துவிடுவர். என்பு பொருந்த ஏறக்குறைய ஆறு வாரங்கள் செல்லும். வீக்கம் மாதக்கணக்கில் நீடிக்கலாம். சிலருக்குச் சாய்வு மீண்டும் தோன்றுவதும் உண்டு.

ஆதலால் அழகுக்காக மட்டும் இச்சிகிச்சையை நாடுதல் தகாதென்பதே தேர்ந்த வைத்தியரின் அறிவுரை. விரல்கள் நெருங்காத அகன்ற சப்பாத்தை முதலில் அணிந்து பார்க்கவேண்டும். அதன் பின்னும் நோவு நடையைத் தடுக்குமாயின், அப்பொழுதே கத்தியைக் கருதவேண்டும். நேரான விரலைப் பெறுவதிலும் நோவின்றி நடப்பதே பெரிது. கெல்லரின் முறையால் நோவு நீங்கியும் நடை தளர்ந்த பலரின் அனுபவம், பின்வந்த வைத்தியர்க்கு இதனையே உணர்த்தியது.