மாவோரி–ஆங்கில இருமொழித் தொடக்கக் கல்வி: ரூவாத்தோக்கிப் பள்ளிக்கு முன்னும் பின்னும்

1876ஆம் ஆண்டில் வீ தே ஹாகிரோ என்பவரும் அவரோடு கையொப்பமிட்ட மாவோரி மக்கள் 336 பேரும் நியூசிலாந்து நாடாளுமன்றத்திற்கு ஒரு விண்ணப்பம் அளித்தனர். தம் சிறார் பயிலும் பள்ளியில் மாவோரி மொழி ஒரு சொல்லளவும் ஒலித்தல் கூடாது. ஆசிரியரும் அவர்தம் குடும்பத்தாரும் அம்மொழி அறியாதவராய் இருத்தல் வேண்டும் என்பது அவர்களது வேண்டுகோள்களுள் ஒன்று. இவர்களைத் தாய்மொழியை வெறுத்தோர் எனக் கொள்வது பிழையாகும். வீட்டிலும் வயலிலும் ஊர்மன்றிலும் மாவோரியே வழங்கிய காலம் அது. இல்லத்தில் நிலைபெற்றிருந்த மொழிக்குப் பள்ளியின் துணை தேவையென்று அவர்கள் கருதவில்லை. இல்லாத மொழியைத்தான் பள்ளியிடம் கேட்டனர்.

நியூசிலாந்தில் பள்ளிக்கல்வி மாவோரி மொழியிலேயே தொடங்கியது என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. தாமஸ் கெண்டல் என்னும் சமயப் பணியாளர் 1815இல் மாவோரி மொழியின் முதல் நூலைச் சிட்னியில் அச்சிடுவித்தார்; மறு ஆண்டே ராங்கிஹோவாவில் முதற் பள்ளியைத் திறந்தார். அப்பள்ளி நெடுநாள் நீடிக்கவில்லை. எனினும், மாவோரியிலேயே எழுத்தறிவித்தல் என்னும் நெறியைச் சமயப் பள்ளிகள் தொடர்ந்து பின்பற்றின. 1847ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அரசின் பொருளுதவியை ஆங்கிலம் கற்பித்தலோடு பிணைத்தது. 1867இல் வந்த சுதேசிப் பள்ளிகள் சட்டம் இயன்றவரை ஆங்கிலத்திலேயே கற்பிக்கப் பணித்தது. பள்ளி வேண்டிய ஊரார் தாமே விண்ணப்பித்து, நிலம் ஈந்து, செலவிலும் ஒரு பங்கை ஏற்க வேண்டியிருந்தது.

1880இல் ஆய்வாளர் ஜேம்ஸ் போப் வகுத்த விதித்தொகுப்பு, தொடக்க வகுப்புகளில் ஆங்கிலத்திற்கு ஏணியாக மட்டும் மாவோரியை இசைந்தது. அவ்வேணியும் விரைவில் அகற்றப்பட்டது. விளையாட்டுத் திடலிலும் ஆங்கிலமே பேசச் சிறாரை ஊக்குவிக்குமாறு 1905இல் ஆசிரியர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. 'ஊக்குவித்தல்' என்பது நடைமுறையில் எவ்வுருக் கொண்டது என்பதற்கு, பிற்காலத்தில் வைத்தாங்கித் தீர்ப்பாயத்தின்முன் சர் ஜேம்ஸ் ஹெனாரே அளித்த சான்று போதும். பள்ளி வளாகத்தில் தாய்மொழி பேசிய குற்றத்திற்காகச் சிறுவனான அவர் காட்டுக்கு அனுப்பப்பட்டார். தம்மை அடிப்பதற்கான கொடிப்பிரம்பைத் தாமே வெட்டிவர வேண்டியிருந்தது.

ஆயினும், அடி மட்டுமே ஒரு மொழியை வீழ்த்துவதில்லை. மாவோரிப் பள்ளிச் சிறாருள் தம் மொழி பேசவல்லோர் 1913இல் 90 விழுக்காட்டினர் என்றும், 1953இல் 26 விழுக்காட்டினர் என்றும், 1975இல் 5 விழுக்காட்டிற்கும் குறைவினர் என்றும் மதிப்பீடுகள் கூறுகின்றன. இரண்டாம் உலகப் போருக்குப்பின் மக்கள் ஊர்களை விட்டு நகரங்களுக்குத் திரளாகப் பெயர்ந்தனர். அடிபட்டு வளர்ந்த தலைமுறை தன் மக்கட்கு அத்துன்பம் வேண்டாவென எண்ணியது. வீட்டிலும் ஆங்கிலம் பேசலாயிற்று. 1876இன் விண்ணப்பதாரர் நம்பியிருந்த அரண் இங்ஙனம் உள்ளிருந்தே சரிந்தது. 1972 செப்டம்பர் 14 அன்று, முப்பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட ஒரு விண்ணப்பத்தை ஹானா தே ஹேமாரா நாடாளுமன்றத்திடம் அளித்தார். இம்முறை பள்ளியில் மாவோரி மொழி வேண்டும் என்பதே கோரிக்கை. அதனை முன்னின்று நடத்திய குழுக்களுள் ஒன்று 'ஙா தாமாத்தோவா'; இளம் வீரர்கள் என்பது பொருள். தமிழில் சொன்முதலாக அரிதினும் அரிதாகவே வரும் ஙகரம் மாவோரியில் இயல்பாகச் சொல்லைத் தொடங்குவது ஒப்பியலார்க்குச் சுவை தரும்.

இச்சூழலில் 1978இல் ரூவாத்தோக்கிப் பள்ளி நாட்டின் முதல் அதிகாரமுறை இருமொழிப் பள்ளியாயிற்று. ஊரெவேரா மலைத்தொடரின் அடிவாரத்தில், தூஹோய் இனத்தார் வாழும் பள்ளத்தாக்கில் உள்ளது அவ்வூர். ரிச்சர்ட் பெண்டன் தலைமையில் 1973 முதல் நடந்த மொழிக் கள ஆய்வு, மாவோரி மொழி அழிவின் விளிம்பில் இருந்ததை வெளிக்கொணர்ந்தது. குழந்தைகள் மாவோரியே பேசிக்கொண்டு பள்ளிக்கு வந்த மிகச் சில ஊர்களுள் ரூவாத்தோக்கியும் ஒன்று. எனவே அங்கு இருமொழிக் கல்வி என்பது, குழந்தை அறிந்த மொழியில் கற்கத் தொடங்கி, அறியாத மொழியை அதனோடு சேர்ப்பதாகும். கல்வியியல் நோக்கில் குறைகாண இயலாத முறை இது. அதற்குரிய குழந்தைகள்தாம் வேறிடங்களில் இலர்.

ஆகவே அடுத்த முயற்சி பள்ளிக்கு முந்தைய பருவத்திற்குச் சென்றது. 1982இல் வைனுயிஓமாத்தாவில் முதல் 'கோஹங்கா ரேயோ' திறக்கப்பட்டது. மொழிக்கூடு என்பது பொருள். பேசவல்ல முதியோர் மழலையரோடு மாவோரியிலேயே பழகினர். அங்கு வளர்ந்த குழந்தைகள் ஐந்தாம் அகவையில் ஆங்கிலப் பள்ளியிற் சேர்ந்து, பெற்ற மொழியை இழக்கலாயினர். அவ்விழப்பைத் தடுக்க 1985இல் ஆக்லாந்தின் ஹோவானி வைத்தீத்தி ஊர்மன்றில், அரசமைப்புக்கு வெளியே, முதல் 'குரா கௌபாப்பா மாவோரி' பள்ளி தோன்றியது. தீர்ப்பாயத்தின் 1986ஆம் ஆண்டு அறிக்கையும், மாவோரியை ஆட்சிமொழியாக்கிய 1987ஆம் ஆண்டுச் சட்டமும் தொடர்ந்தன. 1989ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்வழி இப்பள்ளிகளும் அரசின் ஏற்பைப் பெற்றன.

பின்னர் அரசு, மாவோரி வழிக் கற்பித்தலின் அளவுக்கேற்பப் பள்ளி நிதியை நான்கு படிகளாக்கியது: 81 முதல் 100 விழுக்காடு, 51 முதல் 80, 31 முதல் 50, 12 முதல் 30. ஸ்டீபன் மே முதலியோரின் 2004ஆம் ஆண்டு அறிக்கை, பாதி நேரத்திற்கும் குறைவாகக் கற்பிக்கும் திட்டங்கள் இருமொழியாற்றலை உருவாக்கப் போதியன அல்ல என்ற முடிவை வற்புறுத்தியது. நான்காம் படியின் கீழெல்லையே வாரத்திற்கு ஏறத்தாழ மூன்று மணி நேரமாகும். புலம்பெயர் நாடுகளில் வார இறுதியில் இரண்டு மணி நேரம் நடைபெறும் தமிழ் வகுப்புகள் அவ்வெல்லைக்கும் கீழ் அமைவன. அவற்றின் பயனை இல்லத்தில் தமிழ் வழங்குதலே முடிவு செய்யும் என்பதை இவ்வளவை தெளிவாக்குகிறது.

முழுமையாக மாவோரி வழியில் இயங்கும் பள்ளிகளில் இன்று நிலவும் கருத்து வேறுபாடு ஆங்கிலத்தைப் பற்றியது. பயில்வோருட் பலர்க்கு வீட்டுமொழி ஆங்கிலம். தெருவிலும் தொலைக்காட்சியிலும் அதுவே. ஆதலின் அதனைப் பள்ளி கற்பிக்க வேண்டுவதில்லை, அது தானே வரும் என்பார் ஒரு சாரார். பேச்சு தானே வரும், கட்டுரை எழுதும் ஆங்கிலம் தானே வாராது என்பார் மற்றொரு சாரார். இவர்கள் தொடக்கப் பள்ளியின் மேல்வகுப்புகளில் தனி ஆசிரியர், தனி நேரம், இயன்றால் தனி அறை என ஆங்கிலத்தை வரையறுத்துக் கற்பிக்கும் முறையை முன்வைக்கின்றனர். முதற்சாராரின் வாதம் 1876ஆம் ஆண்டு விண்ணப்பத்தின் வாதமேயாகும். மொழிகள் மட்டும் இடம் மாறியுள்ளன. அன்று காப்பாக எண்ணப்பட்ட இல்லத்தை இரண்டு மூன்று தலைமுறைகள் மாற்றிவிட்டன. ஆங்கிலத்திற்கு அத்தகைய இடர் இல்லை. எனவே இரு வாதங்களும் வடிவால் ஒன்றாயினும் வலிமையால் ஒன்றல்ல. ரூவாத்தோக்கிப் பள்ளியின் இன்றைய பெயர் 'தே வரெகுரா ஓ ரூவாத்தோக்கி' என மாவோரியிலேயே வழங்குகிறது.