ராயக்கோட்டைக்கு வந்த மெழுகுத் தாள்

1965-ல் தருமபுரி தனி மாவட்டமாகும் வரைக்கும் நம்ம பக்கமெல்லாம் சேலம் ஜில்லாதான். 1858-ல் லின்னேயஸ் டிரைப் வெளியிட்ட ராயக்கோட்டைப் படத் தொகுப்பின் தலைப்பிலும் சேலம் என்றுதான் இருக்கும். (ராயக்கோட்டை இப்போ கிருஷ்ணகிரி மாவட்டம்.)

டிரைப் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். அப்போது பலர் கண்ணாடியில் கொலோடியன் பூசிப் படமெடுத்தார்கள். படம் துல்லியமா விழும். ஆனா பூச்சு காயுறதுக்குள்ள எடுத்து, அங்கேயே கழுவிடணும். நம்ம வெயிலுக்கு அது எவ்வளவு நேரம் தாங்கும்? இருட்டுக் கூடாரமும் தண்ணீரும் மலைமேல கூடவே ஏறணும். டிரைப் பெரும்பாலும் நம்பியது மெழுகேற்றிய தாள் நெகடிவை. முன்னாடியே தயார் பண்ணிக்கலாம், எடுத்துச் சில நாள் கழிச்சும் கழுவலாம். அதற்கான டெவலப்பர் காலிக் அமிலம், மணிக்கணக்கில் ஊறணும். நம்ம கடுக்காயிலும் இருக்கிற சரக்குதான் அது!

இன்னைக்கு வீட்டில் டி-76 கலக்குறவங்களுக்கும் சூடுதான் தலைவலி. 20 டிகிரிக்குச் சொன்ன நேரம், ஏப்ரல் மாதத் தொட்டித் தண்ணியில் ஏறக்குறைய பாதியாயிடும். கழுவல் திட்டுத்திட்டா வரும். நான் சம அளவு தண்ணீர் சேர்த்து நேரத்தை நீட்டிக்கிறேன்.