செவல்

‘செவல்’ என்றால் செம்மண் நிலம். ‘செம்மை’ என்னும் நிறச்சொல்லின் வழி வந்தது. செந்நிற மாட்டைச் ‘செவலை’ என்பதும் அதே வேரில்தான். மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடு தரும் நிறம் அது. பெய்த மழையைச் செவல் சீக்கிரம் கீழே விட்டுவிடும். ஈரத்தைப் பிடித்துவைத்துப் பருத்தியை வளர்ப்பது கரிசல்.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் இரண்டு மண்ணும் உண்டு.

நெல்லைச் சீமையின் மேலச்செவல், விருதுநகர் மாவட்டத்துச் செவல்பட்டி என ஊர்ப்பெயர்களிலும் இச்சொல் வாழ்கிறது. அவற்றுள் புகழ்பெற்றது, சங்கரன்கோவிலுக்கு மேற்கேயுள்ள நெற்கட்டும்செவல். பாளையக்காரர் பூலித்தேவரின் ஊர். 1755இல் கர்னல் ஹெரானின் கும்பினிப் படை இங்கிருந்த கோட்டையைத் தாக்கியும் பிடிக்க முடியாமல் திரும்பியது. பூலித்தேவர் கப்பமாக நெல் கட்ட மறுத்ததால்தான் ‘நெற்கட்டான்செவல்’ என்ற பெயர் வந்தது என்பார்கள் ஊர்மக்கள். அரசு எழுப்பிய பூலித்தேவர் நினைவு மாளிகையும் இவ்வூரில்தான் உள்ளது.