ஒளியைக் கணக்கிட்டவர்



திரையில் வானளாவிய கோட்டை ஒன்றைக் காண்கிறோம். அப்படியொரு கோட்டையை யாரும் கட்டவில்லை. அது கணினியில் உருவானது. ஆயினும் கண் நம்புகிறது. ஏன்? வடிவத்தைவிட, அதன்மீது விழும் ஒளியே நம்மை நம்பவைக்கிறது. அந்த ஒளியின் வரலாற்றை இன்று காண்போம்.

கணினியில் முப்பரிமாண உருவம் என்பது சிறுசிறு தட்டை முகங்களை ஒட்டிச் செய்யப்படுவது. அப்படியே வண்ணம் பூசினால் பட்டை தீட்டிய கல்லைப்போல் முனை முனையாகத் தெரியும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில், 1971-இல், ஹென்றி கூரோ என்பவர் மூலைகளில் மட்டும் ஒளியைக் கணக்கிட்டு, இடையில் நிறத்தைப் படிப்படியாகப் பரவவிட்டார். உருவம் வழவழப்பானது. பளபளப்பு மட்டும் சரியாக அமையவில்லை.

துலக்கிய பித்தளைச் செம்பை வெயிலில் வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் வெண்புள்ளி மின்னும்; நீங்கள் நகர்ந்தால் அதுவும் நகரும். அப்புள்ளி ஒரு முகத்தின் நடுவே விழுந்தால், மூலைகளை மட்டும் பார்க்கும் கணக்கு அதைத் தவறவிட்டுவிடும்.

இதற்கு வழி கண்டவர் புய் துவாங் ஃபோங். 1942-இல் வியட்நாமின் ஹனோய் நகரில் பிறந்தவர். அதே பல்கலைக்கழகத்தில், 1973-இல், அவர் ஒளியை மூன்றாகப் பிரித்தார்: சூழலிலிருந்து வரும் ஒளி, பரப்பில் பட்டுச் சிதறும் ஒளி, மின்னித் தெறிக்கும் ஒளி. பரப்பு எத்திசை நோக்கியிருக்கிறது என்பதையும் புள்ளிக்குப் புள்ளி கணக்கிட்டார். 1975-இல், தம் 32-ஆம் வயதிலேயே, அவர் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய முறையோ இன்றும் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது.

1980-இல் டர்னர் விட்டெட், ஒளிக்கதிர் பட்டுத் திரும்பும் பாதையையே பின்தொடர்ந்து, கண்ணாடிப் பிம்பத்தையும் நிழலையும் வரைந்து காட்டினார். 1993-இல் 'ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்' மென்பொருள் வெளிவந்தது. 2012-இல் அதனுடன் இணைந்த 'எலிமெண்ட் 3டி', முப்பரிமாண உருவங்களை மேசைக் கணினியிலேயே விரைவாகக் காட்ட வழிசெய்தது.

நம் ஜொகூரிலும் இக்கலைக்கு இடமுண்டு. 2014-இல், அப்போது நூசாஜெயா எனப்பட்ட பகுதியில் உள்ள படப்பிடிப்பு நிலையத்தில் 'மார்க்கோ போலோ' தொடரின் காட்சிகள் படமாக்கப்பட்டன. கட்டிய அரங்கமும் கணினி உருவமும் ஒன்றாகத் தோன்ற வேண்டுமானால், இரண்டின்மீதும் ஒரே ஒளி விழ வேண்டும்.

'கோணமும் பெருக்கலும் எதற்கு?' என்று தோட்டப்புறப் பிள்ளைகள் கேட்பதுண்டு. நம் அண்டை நாட்டில் பிறந்த ஓர் இளைஞர், அவற்றைக் கொண்டே உலகத் திரைகளுக்கு ஒளியேற்றினார். செம்பைக் கூர்ந்து பார்க்கும் கண்ணும், கணக்கில் தளராத மனமும் உள்ள பிள்ளைக்கு இத்தொழில் எட்டாததன்று.