மருத்துவச்சியும் கர்ப்பகால உணவு அறிவுரையும்

மருத்துவச்சி என்பவர் பேறு பார்க்கும் பெண். கருவுற்றவள் எதை உண்ணலாம், எதை விலக்க வேண்டும் என்று சொல்வதும் அவர் பொறுப்பாகவே இருந்துவந்தது. தமிழ்நாட்டில் இப்பொறுப்பு பரம்பரை மருத்துவச்சியிடமிருந்து பயிற்சி பெற்ற தாதிக்கும், பின்னர் கிராம சுகாதார செவிலியருக்கும் கைமாறியது. அதனுடன் அறிவுரையின் போக்கும் மாறியது.

மரபு

ஊர்ப்புறங்களில் பேறு பார்த்தவர்களில் பலர், முடிதிருத்தும் தொழிலைச் செய்துவந்த மருத்துவர் சமூகத்துப் பெண்கள். மாமியாரிடமோ தாயிடமோ உடனிருந்து கற்றவர்கள். அவர்களின் உணவறிவு சூடு, குளிர்ச்சி என்னும் பகுப்பில் நின்றது. பப்பாளி, அன்னாசி, எள் ஆகியவை சூடு. கருவைக் கலைக்கும் என்று விலக்கினர். ஏழாம் மாதம் ஏறினால் வயிறு முட்ட உண்ணக் கூடாது, பிள்ளை பெருத்தால் பேறு கடினமாகும் என்பது பரவலான விதி. அறுவைச் சிகிச்சைக்கு வழியில்லாத காலத்தில், தலை இடுப்பெலும்பில் சிக்கினால் தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்து. அந்த அச்சத்துக்கு விடையாக இருந்த விதி, ஏற்கெனவே அரை வயிறு உண்ட ஏழைப் பெண்ணை மேலும் மெலியச் செய்தது. பேற்றுக்குப் பின் நிலைமை வேறு: பூண்டு, சுக்கு, திப்பிலி சேர்ந்த பிரசவ மருந்தும், கடலோரத்தில் பால்சுறாப் புட்டும் பத்தியத்தில் இடம்பெற்றன.

பயிற்சி பெற்ற தாதியர்

எழும்பூரிலுள்ள அரசு மகப்பேறு மருத்துவமனையின் தொடக்கம் 1844. சென்னையில் 1854-இல் தாதிப் பயிற்சி ஆரம்பமானது. சென்னை மாகாணச் செவிலியர், தாதியர் சட்டம் 1926-இல் வந்தது. பேறுகாலக் காய்ச்சலும் தொப்புள்கொடி வழி வரும் வில்வாத நோயும் உயிர் குடித்த காலம் அது. ஆகவே பயிற்சியின் முதல் அக்கறை கைத்தூய்மை, கருவித் தூய்மை. உணவு பின்னால் வந்தது.

ரத்தசோகை என்னும் திருப்பம்

ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ் 1928-இல் பம்பாய்க்கு வந்து, கருவுற்ற ஏழைப் பெண்களைப் பீடித்த கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் அந்த ஆய்வைத் தொடர்ந்தார். மலிவான ஈஸ்ட் சாறு அதைக் குணப்படுத்துவதாக 1931-இல் வெளியிட்டார். அதில் பயன் தந்த பொருள் ஃபோலேட் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1941-இல் பசலைக்கீரை வகையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. இதன்பின் கர்ப்பகால உணவு அறிவுரையில், விலக்க வேண்டியதைவிடச் சேர்க்க வேண்டியது முன்னுக்கு வந்தது. இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை வழங்கும் தேசியத் திட்டம் 1970-இல் தொடங்கியது.

கிராம சுகாதார செவிலியர்

சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது வகுக்கப்பட்ட அளவு. அங்குள்ள செவிலியர் கர்ப்பத்தைப் பதிவு செய்து, எடையும் ரத்த அளவும் பார்த்து, வீட்டுக்கும் செல்கிறார். அங்கன்வாடி சத்துமாவு அவருக்குத் துணை. வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 350 கிலோ கலோரி கூடுதலாக உண்ணவும், முருங்கைக்கீரை, முட்டை, பயறு சேர்க்கவும் சொல்கிறார். நான்காம் மாதம் முதல் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை; அதைக் காபி, தேநீருடனோ சுண்ணாம்புச்சத்து மாத்திரையுடனோ விழுங்கக் கூடாது என்பதும் அவர் சொல்ல வேண்டியவற்றுள் ஒன்று. மாத்திரையால் மலம் கறுப்பதையும் மலச்சிக்கலையும் கண்டு அஞ்சி நிறுத்துவோர் உண்டு. அவர்களைத் தொடரவைப்பதே கடினமான பணி. 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 2018-இல் 18,000 ரூபாயாக உயர்ந்தபோது, அதில் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் சேர்ந்தன.

இன்றைய நிலை

பரம்பரை மருத்துவச்சி ஏறக்குறைய மறைந்துவிட்டார்; ஆனால் பப்பாளி விலக்கும், குங்குமப்பூ குழந்தையைச் சிவப்பாக்கும் என்னும் நம்பிக்கையும் வீட்டுப் பெரியவர்களிடம் தங்கிவிட்டன. எனவே செவிலியர் கருவுற்றவளோடு மாமியாரிடமும் பேச வேண்டியிருக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. அதே ஆய்வில் கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ரத்தசோகை இருந்தது.