கடலோடிக்குக் காப்பு யாது?



யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே உள்ளது காங்கேசன்துறை. 1893 ஆம் ஆண்டில் அங்கே வெளிச்சவீடு எழுந்தது. 1950 இல் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கலாயிற்று. அது முதல் அவ்வூரில் இருவகை உழைப்பாளர் அருகருகே வாழ்ந்தனர். ஆலைக்குச் சென்றவன் சம்பளக்காரன். கடலுக்குச் சென்றவனோ பங்குக்காரன். இந்த வேறுபாடே இருவர்தம் முதுமையையும் வேறுபடுத்திற்று.

எங்ஙனமெனில், முதலாளி யார், தொழிலாளி யார் என்றே சட்டம் முதலில் வினவும். 1934 ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டமும், 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் இவ்வுறவின்மீது எழுந்தவையே. வள்ளத்துக்கொரு பங்கு, வலைக்கொரு பங்கு, ஆளுக்கொரு பங்கு எனப் பிடிபட்ட மீனைப் பகிர்வோரிடையே முதலாளி எனச் சுட்டத்தக்கவர் யார்? கடலிலே ஒருவன் மாண்டால், அவன் குடும்பத்துக்கு உறவினரும் ஊராருமே துணை.

பெருங்கப்பல் மாலுமிகளின் நிலை வேறு. 1920 இல் இத்தாலியின் ஜெனோவா நகரிற் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, கப்பல் மூழ்கி வேலையிழந்த மாலுமிக்கு இரண்டு மாதச் சம்பளம் வரையில் ஈடு வழங்க விதி செய்தது. அதுபோன்ற விதிகள் பல 2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயத்தில் ஒன்றுசேர்ந்தன. இலங்கை அதனை 2017 இல் ஏற்றது. எனினும், மீன்பிடிக் கலங்களும் மரபுமுறைப் பாய்க்கலங்களும் அச்சமவாயத்துக்குப் புறம்பானவை.

நம் மீனவர்க்கெனத் தனிச்சட்டம் பிறந்தது 1990 இல். தவணைப் பணம் செலுத்துவோர் முதுமையில் ஓய்வூதியம் பெறலாம் என்றது அந்தச் சட்டம். ஆனால், அதே ஆண்டில் போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். காங்கேசன்துறை, மயிலிட்டிக் கரைகள் அவர்களுக்கு அடைபட்டன. மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது 2017 இலேதான். கடலையே இழந்து அகதியாய் வாழ்ந்தவன் தவணைப் பணத்துக்கு எங்கே போவான்? உழைக்கும் வயதில் இருபத்தேழு ஆண்டுகள் கழிந்தால், முதுமைக்குச் சேர்ப்பது யாது?

மீன்பிடித் தொழில் பற்றிய 2007 ஆம் ஆண்டுச் சமவாயம், பங்கு பெற்று உழைப்பவனையும் மீனவன் என்றே கொள்கின்றது. ஏனைய தொழிலாளர்க்குக் குறையாத சமூகப் பாதுகாப்பு அவனுக்கும் உரியது என்கின்றது. முதலாளி யார் என்று வினவாது, கடலுக்குப் போனவர் யார் என்று வினவும் நெறி அது. நம் கரைகளுக்கு வேண்டுவதும் அந்நெறியே.